சுட்ட கோதை ஆர் அளக்கிறது?

வாரும் பிள்ளை, பாத்து வாரும், கடைசிப் படி கொஞ்சம் உயரம். தலையைக் குனியும். உந்தக் குழாயிலை இடிக்காத ஆக்கள் இந்த வீட்டிலை இல்லை. என்ரை மருமோன் ட்ரெவர் ஆறடி ரெண்டங்குலம். ரெண்டு வருசம் இந்த பேஸ்மென்ற்றிலை இருந்தவன், கடைசி வரைக்கும் பழகேல்லை. இடிச்சுப்போட்டுக் குழாயைப் பாத்து ‘சொறி’ எண்டு சொல்லுவான்.

மைதிலி எண்டோ சொன்னனீர்? ட்ரெவரோடை வேலை செய்யிறனீர். சரி. அவன் அனுப்பினவன் எண்டு நீர் வாசல்லை சொன்ன உடனையே எனக்கு விளங்கிட்டுது, மிச்சம் சொல்லத் தேவையில்லை. இந்தா, இதுக்குத்தானே வந்தனீர்? கொண்டு போம். அவன்ரை சாமான். நான் மறிக்கப் போறேல்லை. ஆறு கிழமையா ஒரு போன் இல்லை. என்ரை மேள் ஆரபி தாயோடை மட்டும் கதைக்கிறாள். இப்ப சாமானுக்கு ஆள் அனுப்பியிருக்கினம். சாமானையும் எடுத்திட்டா மருமோனுக்கு இந்த வீட்டுக்கு வர ஒரு காரணமும் இல்லை. அதுதானே கருத்து? எனக்கு விளங்கும். அந்தப் பையை அந்தக் கதிரையிலை வையும். உதுக்குள்ளை இது கொள்ளாது, முழுக்க இரும்பு. நான் பெட்டி தாறன்.

இரும், இரும். நாலு போல்ற் கழட்ட வேணும். நான் பூட்டினது, லேசிலை வராது. நீர் அவசரப்படாதேயும். மலர்! மேலை மனிசிக்குக் கேக்காது, அடுப்படியிலை காத்தாடி ஓடுது. மலர், தேத்தண்ணி வையும்!

உமக்கு இது என்னெண்டு தெரியாது, தெரிய ஞாயமுமில்லை. நான் சொல்லுறன். துவக்கிலை சுட்ட பிறகு ஒரு பித்தளைக் கோது மிஞ்சும் பாரும், அதை எறியாமல் திருப்பிப் பாவிக்கிற மெசின் இது. வெடிக்கேக்கை அந்தக் கோது ஊதிப் பெருக்கும். துவக்குக்குள்ளை எவ்வளவு இடம் கிடக்கோ அவ்வளவுக்கு ஊதும். ஊதினதைப் பழையபடி நெருக்கிச் சின்னனாக்க வேணும். மேலை நிக்குதே இந்த உருளை, இதுதான் டை. கீழை கோதை வைச்சு இந்தப் பிடியை அமத்தினா, கோது டைக்குள்ளை ஏறி நெருங்கி வரும். டையை எவ்வளவு கீழை இறக்கிறமோ அவ்வளவு கூட நெருக்கும். அவ்வளவுதான் விசயம். சின்ன விசயம். இந்தச் சின்ன விசயத்தாலைதான் என்ரை வீடு இப்பிடிக் கிடக்கு.

எனக்குத் துவக்கிலை ஒரு விருப்பமும் இல்லை பிள்ளை, அதை முதல் சொல்லிப்போடுறன். துவக்குச் சத்தத்துக்கு ஓடி வந்த ஆள் நான். ஆரபி, நான் ஒரு வெள்ளைப் பெடியனை விரும்புறன், அவர் வருசா வருசம் மான் வேட்டைக்குப் போறவர் எண்டு சொல்லேக்கை, வெள்ளை எண்டதுக்கு நான் பேசேல்லை, வேட்டை எண்டதுக்குத்தான் பேசினனான். பிறகு அவன் வந்து ‘மாமா’ எண்டான். எவ்வளவு வடிவாச் சொல்லுவான் தெரியுமே. எங்கடை பெடியள் ‘அங்கிள்’ எண்டுதான் கூப்பிடுறாங்கள்.

சித்திரை மாசம் ஒரு நாள் இதிலை நிண்டு தலையைச் சொறிஞ்சுகொண்டு நிண்டான். என்ன எண்டு கேட்டன். நெருக்கின கோது துவக்குக்குள்ளை போகுதில்லையாம், இருபதிலை பத்து இறுகுதாம். ‘மாமா, யூ ஆர் த மெஷினிஸ்ற்’ எண்டான். எனக்கு எப்பிடி இருந்திருக்கும் சொல்லும்? முப்பத்தொரு வருசம் ஃபக்டரியிலை கருவி கடையிற ரூல்றூமிலை நிண்டவன் நான். குலவீரசிங்கம் அளந்தால் அதைத் திருப்பி அளக்கிறேல்லை எண்டு எங்கடை ஃபோர்மன் சொல்லுறவன். இந்த வீட்டிலை ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை. ஆரபி கேட்டதில்லை, மனிசிக்கு நான் என்ன வேலை செய்யிறன் எண்டே வடிவாத் தெரியாது. இவன் கேட்டான். நான் ஸ்ரூலை இழுத்துப் போட்டு இருந்திட்டன். அண்டையிலை இருந்து அவன் நிண்டான், நான் இருந்தன்.

ஆ, முதலாவது அசையுது. அந்த மற்ற ஸ்பனரைத் தாரும். ஓம், அதுதான், பதின்மூண்டு. எப்பிடித் தெரிஞ்சு எடுத்தனீர்? கார் திருத்திறனீரோ? சரி, சரி, இந்த நட்டைப் பிடியும்.

முதல் நான் பாத்தது ஊத்தை. கோதிலை கரி பிடிச்சுக் கிடந்தது. பித்தளையைத் துலக்க எங்களுக்குத் தெரியாதே? புளி கரைச்சு உப்புப் போட்டு ஊறவைச்சன். மனிசி சாமி விளக்குக்கு வைச்சிருந்த பழப்புளி முழுக்கப் போச்சு, அதுக்கு மூண்டு நாள் பேச்சு. ஒரு இரவு கூட ஊறிட்டுது போல, விடிய எடுத்தால் கோதெல்லாம் செம்பு மாதிரிச் சிவந்துபோய்க் கிடக்கு. ட்ரெவர் ஒண்டைக் கையிலை வைச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தான். ‘மாமா, மே பி’ எண்டு தொடங்கினான். நான் கையைக் காட்டி மறிச்சுப்போட்டன். மே பி எண்டு தொடங்கிற கதையை நான் கேக்கிறேல்லை பிள்ளை. ரூல்றூமிலை மே பி எண்டு ஒரு அளவு இல்லை.

அடுத்தது எண்ணெய். டைக்குள்ளை போக முதல் கோதுக்கு எண்ணெய் பூச வேணும், இல்லாட்டி இறுகிப்போம். அவன் கடையிலை வித்த ஏதோ போத்தில் ஒண்டு வைச்சிருந்தவன். நல்லெண்ணெயிலை இல்லாதது இதிலை என்ன கிடக்கு எண்டு நான் நல்லெண்ணெய் பூசினன். முதல் கோதுக்குப் பூசினது போதாமல் போட்டுது, டைக்குள்ளை போய் இறுகிட்டுது. ஒரு சனிக்கிழமை முழுக்க அதோடை போச்சு. அடியிலை துளைச்சு, புரி வெட்டி, போல்ற் போட்டு இழுத்தெடுத்தன் பாரும், ட்ரெவர் கை தட்டினவன். பிறகு கனக்கப் பூசினன். அப்ப என்ன நடந்தது? எண்ணெய் போக இடமில்லாமல் கோதின்ரை தோளிலை, அந்த மேலை ஒடுங்கிற இடத்திலை, நசிச்சுப் பள்ளம் விழுந்திட்டுது. சரி, இதெல்லாம் பழகிற காலத்திலை வாறதுதான். நான் சரிப்படுத்தினனான். எல்லாத்தையும் நான்தான் சரிப்படுத்தினனான்.

என்ன, என்னவோ சொல்ல வாறீர்? பொறும், இதை முடிச்சிடுறன். கதையின்ரை முக்கியமான இடம் இதுதான்.

பிழை எங்கை எண்டு நான் கண்டுபிடிச்சன். டை போதுமான அளவு கீழை இறங்கேல்லை. மெசினோடை வந்த புத்தகம் எடுத்துப் பாத்தன். அடியிலை இருந்து தோள் வரைக்கும் இவ்வளவு நீளம் எண்டு வடிவா அளவு போட்டிருக்கு, படமும் கீறியிருக்கு. பேந்தென்ன? அளக்கிற கலிப்பருக்குப் பூட்ட நானே வேலைத்தலத்திலை ஒரு துண்டு கடைஞ்சு கொண்டு வந்தன். டையை இறக்கி, அளந்து, இறக்கி, அளந்து, புத்தகத்து அளவுக்குக் கொண்டு வந்து நிப்பாட்டினன். மயிரிழை பிசகாது. டையிலை ஊசியாலை கோடு கீறினன். இந்தா, கோட்டைப் பாரும், தெரியுதே? இதை ஒருத்தரும் தொடக்கூடாது எண்டு சொன்னன். கோதெல்லாம் துவக்குக்குள்ளை வழுக்கிக்கொண்டு போச்சுது. ஆரபி மேலை இருந்து ஓடி வந்தவள், நாங்கள் ரெண்டு பேரும் சத்தம் போட்டதுக்கு.

அந்தக் கோடை நல்ல கோடை பிள்ளை. அதை நான் மறைக்க மாட்டன். வேலை முடிஞ்சு வந்து சாப்பிடாமல் கீழை இறங்குவன். அவன் சுட்டுப்போட்டுக் கொண்டு வருவான், நான் நெருக்கிக் குடுப்பன், அவன் மருந்தும் குண்டும் போட்டுத் திருப்பிச் சுடுவான். அதே கோது, நாலு தரம், அஞ்சு தரம். கார்த்திகை தொடக்கத்திலை அவன்ரை தகப்பனோடை வடக்கை காட்டுக்குப் போகேக்கை நானும் வாறதெண்டு கதை. சுட இல்லை, சும்மா, கூட இருக்க. மான் கண்டால் நான் கண்ணை மூடிக்கொள்ளுவன் எண்டு சொன்னன், சிரிச்சான்.

அவன் இடைக்கிடை ஒண்டு சொல்லிக்கொண்டிருந்தவன். அதையும் சொல்லுறன், நான் ஒண்டையும் ஒளிக்கிற ஆளில்லை. ‘மாமா, மே பி சுட்ட கோதை முதல் அளப்பமோ?’ எண்டு. ஒருக்கா இல்லை, மூண்டு தரம். நான் சிரிச்சன். சுட்ட கோதை ஆர் அளக்கிறது? அது ஊதிப்போன சாமான். எங்கடை வேலைத்தலத்திலை அளவு பிழைச்ச சாமானை அளந்துகொண்டு நிக்கிறேல்லை, சிவப்புத் தொட்டியிலை போடுறது. பாக்க வேண்டியது படத்திலை போட்ட அளவை. இதைப் பெடியனுக்கு வடிவா விளங்கப்படுத்தினன். ‘ஓகே மாமா’ எண்டான். நாலாம் தரம் அவன் கேக்கேல்லை.

ரெண்டாவதும் வந்திட்டுது. மூண்டாவது கொஞ்சம் மினக்கெடுத்தும், அதுக்கு நான் பசை போட்டு இறுக்கினனான். அவன் போவான் எண்டு நினைச்சே பூட்டினன்? உதிலை இரும். இல்லை, நிக்கிறதெண்டால் நில்லும். எனக்கும் இருக்க ஏலாது. ஆறு கிழமையா எனக்கு ஒரு இடத்திலை இருக்க ஏலாது. மேலை போனால் கீழை வரவேணும் போலை, கீழை வந்தால் இதைப் பாத்துக்கொண்டு நிக்க ஏலாது. இது ரெலிபோனோ? என்ரை இல்லையே? சரி.

புரட்டாதி முதல் சனிக்கிழமை. அண்டைக்கு நானும் சுடப் பழகிற ரேஞ்சுக்குப் போயிருக்க வேணும். ‘முதல் வெடி நீங்கள்தான் மாமா’ எண்டு சொல்லி, பேர் எல்லாம் பதிஞ்சு வைச்சவன், அவனுக்காக நானும் ஓமெண்டனான். மனிசியின்ரை பக்கத்திலை ஒரு பிள்ளை பெரிசாகி சாமத்திய வீடு வந்திட்டுது. ஹோலிலை இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு ஹெலிகொப்டரிலை பிள்ளை வந்து இறங்கிற வீடியோ பாத்துக்கொண்டிருந்தன், அங்கை அவன் தனியச் சுட்டிருக்கிறான்.

பின்னேரம் வந்தான். சப்பாத்துக் கழட்டேல்லை, நேரை கீழை வந்தான். கையை விரிச்சான். என்ரை கோது, அரைவாசிதான் கிடந்தது. அடித்துண்டு மட்டும். வெடிக்கேக்கை கோது ரெண்டாப் பிஞ்சிருக்கு. மேல்துண்டு துவக்குக்குள்ளையே நிண்டிட்டுதாம், ரேஞ்சிலை நிண்ட ஆரோ அனுபவசாலி மனிசன் ஒரு கருவி போட்டு இழுத்தெடுத்தவராம். பெரிய காயம் ஒண்டும் இல்லை, கன்னத்திலை கொஞ்சம் சூடு பட்டு சிவந்திருந்தது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டிருந்தவன்.

பிறகு இரும்பு அறுக்கிற வாளை எடுத்து என்ரை இன்னொரு கோதை நெடுக்கா அறுத்துக் காட்டினான். உள்ளுக்கு, அடிக்குக் கொஞ்சம் மேலை, சுத்திவர ஒரு கோடு, கடதாசி மாதிரி மெலிஞ்சு கிடக்கு. மற்றதை அறுத்தான், அதிலையும். ‘மாமா, நாங்கள் கூட நெருக்கிப்போட்டம். ஒவ்வொரு வெடிக்கும் நீண்டு நீண்டு மெலிஞ்சிருக்கு’ எண்டான். நாங்கள் எண்டுதான் சொன்னவன். நீங்கள் எண்டு சொல்லேல்லை.

நான் என்ன சொல்லியிருக்க வேணும்? சொல்லும் பாப்பம்? என்ரை அளவு பிழையில்லையே. புத்தகத்திலை இருக்கிறதுதானே நான் வைச்சது. அப்ப பிழை எதிலை? துவக்கிலை. அதைத்தான் சொன்னன். துவக்கைக் கடைஞ்சவன் கண்ணை மூடிக்கொண்டு கடைஞ்சிருக்கிறான், உள்ளுக்கு இடம் கூட எண்டன். அது அவன்ரை தாத்தாவின்ரை துவக்கு, அவர் செத்துப்போய் ஒரு வருசம். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னன். அதோடை நிப்பாட்டியிருக்கலாம். ‘உங்கடை ஆக்களுக்கு அளவெண்டால் என்னெண்டு தெரியுமோ, காட்டுக்குள்ளை நிண்டு சுடுற சனம்’ எண்டு இங்கிலிஸிலை சொன்னன். அவனுக்கு விளங்க வேணுமெண்டு இங்கிலிஸிலை சொன்னன்.

அவன் உந்த வாளைத் துடைச்சு ஆணியிலை கொழுவினான். ஆரபி படியிலை நிண்டவள். ‘அப்பா, நீங்கள் ஒருக்காவது அவர் சொல்லுறதை முழுக்கக் கேட்டிருக்கிறியளோ?’ எண்டாள். அவ்வளவுதான். மார்கழியிலை போறதெண்டிருந்த வீட்டுக்கு அடுத்த கிழமையே போட்டினம். இது கனம், பிறகு எடுப்பம் எண்டு விட்டிட்டுப் போனவை.

மலர், தேத்தண்ணி என்னாச்சு? பிள்ளை நிக்குதல்லோ!

இப்ப உமக்குச் சொல்லுறன், நீர் அவனிட்டைச் சொல்லாதேயும். எனக்கு நித்திரை வாறேல்லை. கண்ணை மூடினால் அவன்ரை கன்னம் தெரியுது. ஒரு விரல் மேலை பட்டிருந்தால் கண். கண்ணாடி போடாட்டி கண். ஊரிலை எவ்வளவோ கண்டு அதுக்கெல்லாம் தப்பி வந்தனான், இங்கை வந்து என்ரை கையாலை செய்து குடுத்து, என்ரை பிள்ளையின்ரை புருசனை... போன் எடுத்துச் சொல்லலாம்தான். எண்பது தரம் எடுத்திருப்பன், ரிங் போக முதல் வைச்சிடுவன். எடுத்து என்னத்தைச் சொல்லுறது? அளவு சரி எண்டோ? எனக்கு வேறை கதை தெரியாது பிள்ளை.

வந்திட்டுது. நாலாவதும் வந்திட்டுது. பிடியும், உந்தப் பக்கத்தைப் பிடியும், பாரம். என்ன கையை எடுக்கிறீர்? பிடியுமன்.

என்ன? இதுக்கு வரேல்லையோ? பேந்தென்னத்துக்கு வந்தனீர்? முதலே சொல்லியிருக்கலாமே. ஓம், ஓம், சரி. நான்தான் உம்மைக் கதைக்க விடேல்லை.

பையோ? என்ன பையிலை? எடுத்துப் பாக்கட்டோ? கண் கூசுது பிள்ளை, என்ன நிறம் இது. மான் வேட்டைக்குப் போற ஆக்கள் போடுற செம்மஞ்சள் சட்டை, மற்ற வேட்டைக்காரருக்குத் தூரத்திலை தெரிய. ஆருக்கு? எனக்கோ? அவன் தந்து விட்டவனோ? தோளைப் பாரும், எங்கை போய் நிக்குது. கை ஆறு அங்குலம் நீளம். அளக்காமல் வாங்கியிருக்கிறான், நான் சொன்னன்தானே, உவைக்கு அளவு... என்ன? உள்ளுக்கு ரெண்டு சுவெற்றர் போட வேணுமோ? அங்கை விடிய அவ்வளவு குளிரோ? இடம் விட்டு வாங்கினவனோ.

ம்.

பொக்கற்றுக்குள்ளை என்னவோ கிலுங்குது. பொறும், வெளிச்சத்தைப் போடுறன். கோது. மூண்டு கோது, சுட்டது. என்ன, கடையிலை வாங்கின புதுசோ, தாத்தாவின்ரை துவக்கிலை ஒருக்காச் சுட்டதோ? ஒரு துண்டு கடதாசி. கண்ணாடி எங்கை, நெத்தியிலையோ, ஓம். ‘மாமா, பிளீஸ் மெஷர்.’

மே பி போடேல்லை. பாத்தீரே, இந்த முறை மே பி போடேல்லை.

கலிப்பரை எடும். மேசை லாச்சியிலை, இடப்பக்கம். நீர் கோதைப் பிடியும், நான் வாசிக்கிறன். அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்சால் புத்தகத்தை விட எட்டு கூட. எட்டோ? அடுத்ததைத் தாரும். எட்டு. மற்றது? எட்டு.

மூண்டும் எட்டு. மூண்டும் ஒண்டு. கண்ணை மூடிக்கொண்டு கடைஞ்சவன்ரை வேலை இப்பிடி நிக்காது பிள்ளை. அந்தத் துவக்குக்கு அதுதான் அளவு. அதிலை போட வேண்டிய கோதுக்கும் ஏறக்குறைய அதுதான் அளவு. நான் ஒவ்வொரு தரமும் எட்டையும் நெருக்கிக் குடுத்தனான், அது ஒவ்வொரு தரமும் திருப்பி அந்த எட்டுக்கு நீண்டு நீண்டு... மூண்டு தரம் கேட்டவன். அளந்திருந்தால் ஒரு நிமிசம். ஒரு நிமிச வேலை.

இதெல்லாம் உமக்கு எப்பிடி விளங்கும். என்ன? ரேஞ்சிலையோ? நீரோ? அண்டைக்கு அந்தப் பிஞ்ச கோதை இழுத்தெடுத்த ஆள் நீரோ? நான் மனிசன் எண்டெல்லோ... ட்ரெவர் மனிசன் எண்டு சொல்லேல்லை, ஓம், நான்தான் அப்பிடி எடுத்திட்டன். கடவுளே, உமக்கே இருந்து டை எண்டால் என்னெண்டு படிப்பிச்சுக்கொண்டிருந்தன். சிரியும், சிரியும்.

அப்ப நீர் பக்கத்திலை நிண்டனீர். வெடிச்ச உடனை அவன் என்ன சொன்னவன்? என்னைப் பேசினவனோ? பேசியிருந்தால் சொல்லும், நான் கோவிக்க மாட்டன்.

என்ன சொன்னவன்?

நல்ல காலம் மாமா வரேல்லை எண்டோ?

முதல் வெடி நான் வைக்கிறதெண்டெல்லோ இருந்தது. நான் கண்ணாடிக்கு மேலை காப்புக் கண்ணாடி போட ஏலாதெண்டு போடாமல் நிண்டிருப்பன், அது அவனுக்குத் தெரியும். கன்னம் எரிஞ்சுகொண்டிருக்கேக்கை அவன் அதையோ நினைச்சவன். அதைச் சொல்லாமல் இங்கை வந்து ‘நாங்கள்’ எண்டு சொன்னவன்.

மலர், இங்கை ஒருக்கா கீழை வாரும். தேத்தண்ணி கிடக்கட்டும், நீர் வாரும். வந்து இந்தச் சட்டையைப் பாரும்.

பிள்ளை, அந்தப் பெட்டியை அங்காலை தள்ளும். ஸ்பனரைத் தாரும். நாலு போல்ற்றும் எங்கை? இதை இருந்த இடத்திலையே பூட்டுவம், அவன் வரேக்கை இருக்க வேணும். இந்த டையிலை நான் கீறின கோட்டை அரத்தாலை அழிக்க வேணும், அதை நானே அழிக்கிறன். புளியிலை ஊறின கோது முழுக்கச் சிவப்புத் தொட்டிக்கு. இனி டையை எவ்வளவு மேலை எடுக்கிறது? எட்டிலை ஒண்டோ ரெண்டோ மட்டும் நெருக்கினால் காணும் எண்டு நான் நினைக்கிறன், ஏனெண்டால் ரூல்றூமிலை நாங்கள்...

இல்லை. நீர் சொல்லும். நான் வாய் திறக்க மாட்டன். முதலிலை இருந்து சொல்லும்.